அண்டை நாடுகளும் நாமும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் போட்டித் தேர்வு எழுதுபவர்கள், ஜவுளி நூல் வியாபாரிகள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட்காரர்கள் என்று பல தரப்பினரும் வருவார்கள். இந்தியாவின் அண்டை நாட்டு உறவு பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தேர்வுக் குறிப்பு மட்டும் தேடுபவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போகலாம். அங்கேயும் படிக்கத்தான் சொல்லியிருக்கிறேன்.

சேலத்துல உட்கார்ந்துக்கிட்டு வெளியுறவைப் பத்தி எதுக்குங்க பேசணும்?

நியாயமான கேள்விதான். நமக்குக் கடலும் இல்லை, நாட்டு எல்லையும் இல்லை. ஆனால் இங்கே விளைவதும் நூற்பதும் உருக்குவதும் எல்லை தாண்டிப் போகின்றன. இல்லாவிட்டால் எல்லை தாண்டி வரும் சரக்கோடு மல்லுக்கட்டுகின்றன. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லின் முட்டை மாலத்தீவுக்குப் போகிறது. இந்த வட்டாரத்து நூற்பாலைகளின் ஆர்டரில் வங்கதேசத்து ஆயத்த ஆடைத் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஏற்காட்டு மிளகு விலையில் இலங்கையோடு போட்ட ஒப்பந்தம் கை வைக்கிறது. உருக்காலையின் எவர்சில்வர் தகடு சீனத் தகட்டோடு போட்டி போடுகிறது.

கீழே வரும் பதில்களில் ஒரே விஷயத்தை வேறு வேறு இடத்தில் சொல்வேன் என்பதால் அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் அண்டை நாட்டுக் கொள்கையில் ஒரு பகுதிதான் தில்லி வெளியுறவு அமைச்சகத்தில் முடிவாகிறது. மீதி வெங்காய மண்டியிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்தல் மேடைகளிலும் முடிவாகிறது. சின்ன நாடுகள் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவது பகுதிக்குத்தான்.

'அண்டை நாடுகளுக்கு முதலிடம்' என்பது புதுக் கொள்கையா?

பெயர் புதிது. 2014 மே மாதம் நரேந்திர மோடி பதவியேற்றபோது தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளின் தலைவர்களை அழைத்தார். பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபும் வந்தார். அப்போதிலிருந்து அந்தப் பெயர் ஓடுகிறது.

எண்ணம் பழையது. 1996-ல் தேவகவுடா அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஐ.கே.குஜ்ரால், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிடமும் இந்தியா பதிலுக்குப் பதில் எதிர்பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்றார். பெரியவன் கணக்குப் பார்க்கக்கூடாது என்பதுதான் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 12-ல் வங்கதேசத்தோடு கங்கை நீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கொள்கை உடனே ஒரு தாளில் பலித்தது என்று சொல்லலாம். பாகிஸ்தான் அந்த ஐந்தில் இல்லை என்பதைத் தேர்வர்கள் கவனிக்கவும்.

இவ்வளவு உதவி செய்றோம். அப்புறம் ஏன் அவங்களுக்கு நம்ம மேல கோபம்?

வட்டத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பெரும்பாலும் கோபத்தோடு கேட்பார்கள்.

முதலில் வரைபடத்தை எடுத்து விரியுங்கள். பாகிஸ்தானையும் ஆப்கானிஸ்தானையும் விட்டுவிட்டால், சார்க் நாடுகளில் இந்தியா அல்லாத எந்த இரண்டும் தங்களுக்குள் நில எல்லையைப் பகிர்ந்துகொள்வதில்லை. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே இந்தியா. பூட்டானுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவேயும் இந்தியா. 2024 நவம்பரில் நேபாளம் முதன்முறையாக வங்கதேசத்துக்கு மின்சாரம் விற்றபோது அது நம் மின்கம்பிகள் வழியாகத்தான் போனது. எதைச் செய்ய வேண்டும் என்றாலும் நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் எதிரில் இருப்பவருக்கு ஒரு புழுக்கம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்து நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரலில் பெரிய நிலநடுக்கம். சில மணி நேரத்தில் இந்திய விமானங்கள் காத்மாண்டு போய்ச் சேர்ந்தன. அந்த நல்ல பெயர் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. செப்டம்பரில் நேபாளம் புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. தராய் சமவெளியில் வாழும் மதேசிகள் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று எல்லைப் பாதைகளை மறித்தார்கள். இந்திய லாரிகள் நின்றன. பெட்ரோல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, மருந்துத் தட்டுப்பாடு. இந்தியா தடை எதுவும் போடவில்லை என்றது தில்லி. பாதுகாப்பு இல்லாததால் லாரிக்காரர்களே போகவில்லை என்று விளக்கமும் சொன்னது. காத்மாண்டுவில் அடுப்புக்கு விறகு தேடியவர்கள் அதை நம்பவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் பிரதமர் கே.பி.ஒலி பெய்ஜிங் போய், சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்குக் கொண்டுவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இமயமலையைத் தாண்டி அவ்வளவு தூரம் சரக்கு வந்து சேர்வது கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. வேறு வழியும் இருக்கிறது என்று காட்டுவதுதான் அந்தக் கையெழுத்தின் வேலை. 2019-ல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு எரிபொருள் குழாய் போட்டுத் திறந்தோம். நல்ல காரியம். ஆனாலும் இன்றைக்கு நேபாளத்தில் இந்தியா பற்றிப் பேச்செடுத்தால் 2015 வராமல் இருக்காது.

மூன்றாவது வெங்காயம். 2019 செப்டம்பர் கடைசியில் உள்ளூர் விலை ஏறியதும் இந்தியா ஏற்றுமதியைத் திடுதிப்பென்று நிறுத்தியது. அடுத்த வாரமே தில்லி வந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, என் சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டேன், நிறுத்துவதற்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு எங்காவது வாங்கியிருப்போமே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தியாவோடு அவரளவுக்கு நெருக்கமாக இருந்த வங்கதேசப் பிரதமர்கள் குறைவு. அவருக்கே இந்த நிலை. தடை போட்டவர்களுக்கு டாக்காவின் மேல் எந்தப் பகையும் இல்லை. அவர்கள் கணக்கில் டாக்கா வரவே இல்லை, அவ்வளவுதான். இதில் எது அதிகம் வலிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாலத்தீவு நம்மைத் திட்டிக்கிட்டே நாமக்கல் முட்டையை வாங்குச்சே, அது எப்படி?

இதை விளக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பக்கத்து ஊர் விஷயம்.

2023 செப்டம்பரில் மாலத்தீவு அதிபர் தேர்தலில் முகமது முய்சு வென்றார். 'இந்தியாவே வெளியேறு' என்பதுதான் அவர் அணியின் முழக்கம். அங்கே இருந்தது படையணி எதுவும் இல்லை. நாம் கொடுத்த இரண்டு ஹெலிகாப்டரையும் ஒரு சிறு விமானத்தையும் இயக்கிப் பராமரிக்கும் எண்பது பேர் அளவிலான ராணுவத்தினர்தான். நோயாளிகளைத் தீவுகளிலிருந்து தலைநகர் மாலேவுக்குக் கொண்டுவருவது அவற்றின் முக்கியமான வேலை. ஆனாலும் சொந்த மண்ணில் வெளிநாட்டுச் சீருடை என்பது ஓட்டு வாங்கித் தரும் விஷயம்.

2024 ஜனவரியில் மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் மோடியைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் தரக்குறைவாக எழுதினார்கள். அவர்களை அந்த அரசே இடைநீக்கம் செய்தது. ஆனால் இங்கே சூடு தணியவில்லை. மாலத்தீவுக்குப் போகாதீர்கள், லட்சத்தீவுக்குப் போங்கள் என்று பெரிய பிரசாரம். 2023-ல் அங்கே போன சுற்றுலாப் பயணிகளில் முதலிடத்தில் இருந்த இந்தியர்கள் 2024-ல் பின்னுக்குப் போனார்கள்.

இந்தக் களேபரம் நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் முதல் வாரத்தில், இந்தியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2024-25-ல் மாலத்தீவுக்கு சுமார் 42.75 கோடி முட்டை அனுப்ப அனுமதி. கூடவே அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு. கட்டுமானத்துக்கு மணலும் ஜல்லியும். இது 1981-ல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி வருடாவருடம் தரும் ஒதுக்கீடு. உள்நாட்டில் தடை இருக்கும் பொருளும் இந்த ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் போகும். ஒப்பந்தம் வந்த நாளிலிருந்து அதுவரை கொடுத்ததில் இதுவே அதிக அளவு. மே 10-க்குள் நம் ராணுவத்தினர் திரும்பிவிட்டார்கள்; அவர்கள் வேலையை இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஏற்றார்கள். ஹெலிகாப்டரும் பறந்தது, முட்டையும் போனது.

சுமார் ஐந்து லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு 42 கோடி முட்டையா என்று ஒரு தம்பி கால்குலேட்டரைத் தட்டிக் கேட்டார். ஒதுக்கீடு என்பது உச்சவரம்பு; முழுதும் வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. அதோடு அங்கே ஆண்டுக்கு இருபது லட்சம் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். விடுதிகளில் காலை உணவு என்றால் முட்டைதான் முதலில். அந்தப் பவளத் தீவுகளில் கோழித் தீவனம் விளைவிக்க நிலம் ஏது? முட்டையை முப்பது முட்டைத் தட்டுகளில் அடுக்கிப் பெட்டி கட்டி, குளிர்பதனக் கன்டெய்னரில் ஏற்றி, கப்பலில் அனுப்ப வேண்டும். தாமதமானால் சரக்கு கெட்டுவிடும். எனவே பக்கத்திலிருந்து வருவதற்கு நிகர் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் முய்சு தில்லி வந்தார். கடன் நெருக்கடியில் இருந்த அவர் நாட்டுக்கு 40 கோடி டாலரும் கூடுதலாக 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்ற வசதியாகக் கிடைத்தன. 2025 ஜூலையில் மாலத்தீவின் 60-ஆவது சுதந்திர தின விழாவுக்கு மோடியே சிறப்பு விருந்தினராகப் போனார். இந்த விஷயத்தில் தில்லி நன்றாகவே நடந்துகொண்டது என்பேன். தொலைக்காட்சியில் கத்தியவர்கள் பேச்சைக் கேட்டு முட்டையை நிறுத்தியிருந்தால் நாமக்கல் பண்ணைக்கும் நஷ்டம், மாலேயில் நமக்கு இருக்கும் இடமும் போயிருக்கும்.

ஏற்காட்டு மிளகு விலை விழுந்தா இலங்கையை எதுக்கு இழுக்கறாங்க?

ஏற்காட்டில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. அந்தக் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி விடுவது இப்போது எல்லா எஸ்டேட்டிலும் வழக்கம். காபி விலை காலை வாரினால் மிளகு கைகொடுக்கும். காய்ந்த மிளகு கெட்டுப்போகாது என்பதால் மூட்டை கட்டி வைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருப்பார்கள். அதனால் இறக்குமதி பற்றிய வதந்திகூட மலையில் சீக்கிரம் ஏறிவிடும்.

இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வரலாம். அதற்கு மேல் வந்தாலும் தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி குறைந்த வரிதான். இலங்கை மிளகு காரம் கூடியது. மிளகுச் சாறு எடுத்து ஏற்றுமதி செய்யும் கேரளத்து ஆலைகளுக்கு அது தேவைப்படுகிறது. இதுவரைக்கும் வம்பு இல்லை.

வம்பு வியட்நாமிலிருந்து வந்தது. உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு அது. அதன் மலிவான மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு இங்கே வருகிறது என்று தென்னிந்திய மிளகு விவசாயிகள் பல வருடமாகப் புகார் சொன்னார்கள். ஒப்பந்தத்தின்படி சரக்கின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும். காகிதத்தில் அதைக் காட்டுவது கஷ்டமா என்ன? 2017 டிசம்பரில் அரசு ஒரு வழி பார்த்தது: கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி கூடாது. இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் மலிவு விலையில் அனுப்பும் வழி அடைபட்டது. இலங்கை வியாபாரிகள் முணுமுணுத்தார்கள்.

எஸ்டேட் அண்ணன் ஒருவர், இலங்கைக்கு எதற்கு இந்தச் சலுகை, பிடுங்கிவிட வேண்டியதுதானே என்றார். அதே ஒப்பந்தத்தில்தான் நம் வண்டிகளும் மருந்தும் துணியும் அங்கே போகின்றன என்றேன். என் மிளகுக்கு அவர்கள் பதில் சொல்வார்களா என்று கேட்டார். இந்த இடத்தில் குஜ்ரால் கொள்கை தடுக்கி விழுகிறது. பெரிய நாடு பெருந்தன்மையாகக் கொடுக்கலாம். அதற்கான விலையை ஏதோ ஒரு மலைத்தோட்டக்காரர்தான் கொடுக்கிறார். அவரை முன்கூட்டியே கேட்டு, இழப்பை ஈடு செய்யும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அது வந்தால்தான் அவர் கோபம் தணியும்.

கச்சத்தீவைத் திரும்ப வாங்க முடியுமா?

வாங்கலாம் என்று மேடையில் சொல்வது சுலபம். 285 ஏக்கர் தீவு, குடிநீர் கிடையாது, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு மட்டும் கூட்டம் சேரும். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தில் கடல் எல்லை தீவுக்கு மேற்கே வரையப்பட்டது. 1976-ல் மன்னார் வளைகுடா எல்லையையும் வரைந்தார்கள். அப்போது நடந்த கடிதப் பரிமாற்றத்தில் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று முடிவானது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த வாட்ஜ் பேங்க் பகுதி நமக்கு வந்தது. தமிழ்நாட்டைக் கேட்டுச் செய்தார்களா என்ற ஆதங்கம் இன்றுவரை தீரவில்லை. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தீவை மீட்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் மறுபடி தீர்மானம் போட்டது.

ஆனால் தீவே கிடைத்தாலும் மீனவர் கைது நிற்காது. நம் படகுகள் மீனைத் தேடிப் போவது தீவைத் தாண்டி, யாழ்ப்பாணம், மன்னார் கரையோரம் வரைக்கும். அங்கே போய் இழுவை மடி போட்டால் அடிக்கடலை அரித்துக்கொண்டு வருகிறது. இலங்கை அந்த முறையை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நம் இழுவைப் படகால் வலை அறுபட்டு நிற்பவரும் தமிழ் மீனவர்தான், போரில் எல்லாவற்றையும் இழந்து திரும்ப வந்தவர். கச்சத்தீவு மேடைகளில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சேலத்துப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போனவங்க திரும்பி வந்தாங்கன்னு தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். பத்து ஆண்டு கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எந்த ஊரில் வாழ விருப்பம் என்று அந்த மக்களை யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ. இலங்கையிலேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003-ல் அந்நாடு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது.

1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்கள் வேறு. சேலம் மாவட்டத்திலும் இருக்கும் மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்கள் இவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களுக்கு மட்டும்தான். இலங்கைத் தமிழர் அதில் இல்லை. முகாமில் பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கியவர் வெளிநாட்டவராகவே இருப்பது எந்த ராஜதந்திரத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

வங்கதேசத்தோட சண்டை நம்ம நூலைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் பத்திரிகைத் தலைப்பு சொல்லும் அளவுக்கு இல்லை.

2024 ஆகஸ்ட் 5-ல் ஹசீனா பதவி இழந்து இந்தியா வந்தார். அவரைத் திருப்பி அனுப்பு என்றது டாக்கா. உறவு கெட்டது. 2025 ஏப்ரலில், வங்கதேச ஏற்றுமதிச் சரக்கு நம் துறைமுகங்களும் விமான நிலையங்களும் வழியாக வேறு நாடுகளுக்குப் போகும் வசதியை இந்தியா நிறுத்தியது. அதே மாதம் வங்கதேசம் தரைவழியில் நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் இந்தியா, வங்கதேசத்து ஆயத்த ஆடை தரைவழியில் வரக்கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது.

நம் பக்கத்து நூல் பெரும்பாலும் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறது. அந்தக் கடல்வழியை யாரும் மூடவில்லை. எனவே அடி முதலில் வட இந்திய ஆலைகளுக்கு. ஆனால் அங்கே தேங்கும் நூல் எங்காவது விற்றாக வேண்டுமே. அது உள்நாட்டுச் சந்தைக்கு வந்தால் இங்கே விலை இறங்கும். வியாபாரிகள் கவலைப்பட்டது இதற்காகத்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிகவும் பின்தங்கிய நாடு என்ற முறையில் வங்கதேசத்துக்கு இந்தியா 2011-ல் மது, புகையிலை வகை 25 பொருள்கள் தவிர எல்லாவற்றுக்கும் வரியை நீக்கியது. அதன்பின் அங்கிருந்து வந்த மலிவு உடை பற்றித் திருப்பூர் புலம்பாத வருடமில்லை. ஆக, இந்தத் தடைகளைத் திருப்பூர் ஒரு கண்ணால் சிரித்துக்கொண்டும் நம் நூற்பாலைகள் கையைப் பிசைந்துகொண்டும் பார்த்தன. 'இந்தியாவின் நலன்' என்று ஒருமையில் பேசுகிறவர்கள் இரண்டு ஊருக்கும் ஒரு தடவை வந்து போகலாம்.

தண்ணீரும் பாக்கி இருக்கிறது. 1996 கங்கை ஒப்பந்தத்தின் ஆயுள் முப்பது ஆண்டு. அது 2026 டிசம்பரில் முடிகிறது. இதை வரும் மாதங்களில் கவனியுங்கள்.

வெளியுறவில் மாநிலங்களுக்கு என்ன அதிகாரம்?

சட்டப்படி ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள ஒன்றியப் பட்டியலில் வெளியுறவு இருக்கிறது. 253-ஆவது பிரிவு, ஒப்பந்தங்களை நிறைவேற்ற எந்தச் சட்டமும் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

நடைமுறை வேறு. 2011-ல் மன்மோகன் சிங் டாக்கா போனபோது தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் தயாராக இருந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ஒத்துக்கொள்ளவில்லை, கையெழுத்தாகவில்லை. 2013-ல் இலங்கை பற்றிய ஐ.நா. மனித உரிமைத் தீர்மானத்தை முன்வைத்து தி.மு.க. மத்திய ஆட்சிக் கூட்டணியிலிருந்து விலகியது. அந்த நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் போகவில்லை. நேர்மாறான உதாரணமும் நம்மிடமே உண்டு. 2022-ல் இலங்கை திவாலானபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழக அரசு தனியாக அரிசி, பால்பொடி, மருந்து என்று கப்பலேற்றி அனுப்பியது. அதைத் தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்ததுதான் சரியான காரியம்.

மாநிலங்களைக் கேட்டால் காரியம் தாமதமாகும், கேட்காவிட்டால் கச்சத்தீவு மாதிரி ஐம்பது வருடம் முள்ளாய்க் குத்தும். நான் தாமதத்தின் பக்கம். 2015-ல் வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம் நிறைவேறியதைப் பாருங்கள். 1974-ல் கையெழுத்தானது, நாற்பத்தொரு வருடம் இழுத்தது. கடைசியில் மேற்கு வங்கம் சம்மதித்து, நூறாவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறி, மற்ற நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த 111 இந்தியத் திட்டுகளும் 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. அங்கே வாழ்ந்தவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 1964-ல் மலையகத் தமிழரிடம் கேட்காத கேள்வி அது.

சீனா?

பெரிய விஷயம், தனியாக எழுத வேண்டும். இங்கே இரண்டு வார்த்தை. 2020 ஜூன் 15-ல் லடாக் எல்லையில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 2024 அக்டோபரில் எல்லை ரோந்து பற்றி உடன்பாடு வந்து, ரஷ்யாவின் கசானில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். நடுவில் இத்தனை செயலிகளைத் தடை செய்தும், 2024-25-ல் சீனாவோடு வர்த்தகப் பற்றாக்குறை 9,900 கோடி டாலரைத் தொட்டது. சேலம் உருக்காலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. சீன எவர்சில்வர் தகட்டின் மீது 2017-ல் போட்ட 18.95 சதவீத எதிர்வரியை 2021 பட்ஜெட்டில் நிறுத்தி வைத்தார்கள். பாத்திரம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு அதனால் மலிவுத் தகடு கிடைத்தது, தகடு செய்யும் ஆலைக்கு அடி.

அண்டை நாடுகளைப் பொறுத்தவரை சீனா கடன் கொடுக்கும், துறைமுகம் கட்டும், உள்ளூர் அரசியல் பற்றிக் கேள்வி கேட்காது. கடன் அடைபடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் 2022-ல் இலங்கை மூழ்கியதற்குச் சீனக் கடன் மட்டும் காரணமில்லை. வரிக் குறைப்பு, சர்வதேசச் சந்தையில் வாங்கிய கடன் பத்திரங்கள், கொரோனாவில் சுற்றுலா படுத்தது, திடீரென ரசாயன உரத்தைத் தடை செய்தது எல்லாம் சேர்ந்துதான்.

பாகிஸ்தானைப் பற்றி ஏன் ஒரு கேள்விகூட இல்லை?

இருக்கிறது, இதுதான். காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்ட பின், 2025 ஏப்ரலில் 1960-ஆம் ஆண்டு சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. மே 7-ல் இந்தியாவின் தாக்குதல், 10-ல் சண்டை நிறுத்தம். 2019 முதல் வர்த்தகமும் ஏறக்குறைய இல்லை. மற்ற நாடுகளோடு இருப்பது உரசல், இங்கே இருப்பது பகை. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் வங்கதேசத்தையும் மாலத்தீவையும்கூடப் பாகிஸ்தானைப் பேசுவது போலப் பேசிவிடுகிறோம்.

சார்க் இன்னும் இருக்கா?

காத்மாண்டுவில் அலுவலகம் இருக்கிறது. கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் நடந்தது. காஷ்மீரின் உரியில் ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் 2016 இஸ்லாமாபாத் மாநாடு நின்றது, அதோடு சரி. இந்தியா இப்போது வங்காள விரிகுடாப் பகுதிக் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது: வங்கதேசம், பூட்டான், இந்தியா, மியான்மர், நேபாளம், இலங்கை, தாய்லாந்து. 1997-ல் தொடங்கியது, தலைமைச் செயலகம் டாக்கா. மாலத்தீவு இதில் இல்லை, தேர்வில் கேட்பார்கள்.

சேலம் ராணுவத் தொழில் வழித்தடத்தில் இருக்காமே? அதுவும் வெளியுறவா?

சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஐந்தும் ராணுவத் தளவாடத் தொழில்களுக்கான அந்த வழித்தடத்தின் முனைகள், 2019-ல் தொடங்கியது. பிலிப்பைன்ஸுக்கு பிரமோஸ் ஏவுகணை விற்கும் நாடாகிவிட்ட பிறகு ஆயுத ஏற்றுமதியும் வெளியுறவுதான். ஆனால் சேலத்தில் இன்னும் பேச்சு அளவுக்குப் பட்டறைகளில் வேலை தெரியவில்லை என்பது என் எண்ணம்.

தேர்வுக்கு இதையெல்லாம் எப்படிப் படிப்பது?

வழிகாட்டிப் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய தகவலை அட்டை மாற்றி விற்பார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அண்டை நாடுகள் பற்றிய முதல் அத்தியாயத்தை வாசியுங்கள், இலவசம்தான். நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கான எழுத்துப் பதில்களில் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஒப்பந்தங்களை நாடு வாரியாக மனப்பாடம் செய்யாமல் ஆண்டு வாரியாக எழுதி வையுங்கள். 1996, 2015 மாதிரி ஆண்டுகளில் உள்நாட்டில் யார் ஆட்சி, எந்த மாநிலம் சம்மதித்தது, என்ன விலை ஏறியது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதன்மைத் தேர்வு விடைக்கு அந்தப் பக்கக் குறிப்புதான் உதவும். வரைபடத்தைப் பார்த்துப் பழகினால் போதாது, கையால் வரைந்து பழகுங்கள். மேற்கு வங்கத்தின் சிலிகுரி அருகே இந்தியா எவ்வளவு ஒடுங்குகிறது என்பது வரையும்போதுதான் மனதில் ஏறும்.